12 ஸ்டட் சக்கரமா, 9 ஸ்டட் பாதையா? லெகோ கட்டைகளில் ஒரு மீட்டர் நீள நீராவி எஞ்சின்

இரும்புக்குதிரை:

அனைவருக்கும் வணக்கம். பிரிட்டனின் ஃபிளையிங் ஸ்காட்ஸ்மேன் நீராவி எஞ்சினை லெகோ கட்டைகளால் பெரிய அளவில் கட்டத் தொடங்கியிருக்கிறேன். அடிச்சட்டத்தை ஒருமுறை கட்டி முடித்துவிட்ட நிலையில் அளவு விகிதத்தைப் பற்றியே சந்தேகம் வந்துவிட்டதால், மேற்கொண்டு ஒரு கட்டைகூட வைக்காமல் உங்களிடம் வருகிறேன்.

லெகோவின் சொந்தத் தண்டவாளத்தில் ஓடும்படி கட்டுவதானால் விகிதத்தைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. அந்தத் தண்டவாளத்தின் உள் அகலம் ஏறத்தாழ 37.5 மி.மீ.; உண்மையான பாதையின் அகலம் 1,435 மி.மீ. ஆகவே 1:38 என்ற விகிதம் தானாகவே அமைந்துவிடுகிறது. அந்த விகிதத்தில் டெண்டரையும் (நிலக்கரியும் நீரும் சுமக்கும் பின்வண்டி) சேர்த்து 21.3 மீட்டர் நீளமுள்ள இந்த எஞ்சின் 56 செ.மீ. அளவில் அடங்கிவிடும். ஆனால் நான் கட்ட விரும்புவது காட்சிக்கு நிற்கும் மாதிரி. இணைப்புத் தண்டுகள், வால்வு இயக்கத்தின் நெம்புகள், கொதிகலனைச் சுற்றியுள்ள பட்டைகள் ஆகிய எல்லாவற்றையும் கட்டைகளாலேயே காட்டுவதற்குப் போதிய இடம் வேண்டும் என்பதால் 1:38 எனக்குப் போதவில்லை.

பல விகிதங்களைக் கணக்கிட்டுப் பார்த்து 1:20 என்று முடிவு செய்தேன். காரணம் பாதையின் அகலம்தான். 1,435-ஐ 20-ஆல் வகுத்தால் 71.75 மி.மீ. வருகிறது. கட்டையின் மேலுள்ள சிறு குமிழ்தான் ஸ்டட்; ஒரு ஸ்டட்டின் இடைவெளி 8 மி.மீ. என்பதால் 9 ஸ்டட் என்பது 72 மி.மீ. கால் மில்லிமீட்டர்தான் பிழை. இவ்வளவு அழகாக ஒத்துவரும் எண்ணை விட மனம் வரவில்லை. பிஸ்டனின் ஓட்டம் 26 அங்குலம், அதாவது 660 மி.மீ.; அதில் பாதியான 330 மி.மீ. கிராங்க் ஆரம் (சக்கர மையத்திலிருந்து தண்டு பொருந்தும் ஊசி வரையான தூரம்), 1:20-ல் 16.5 மி.மீ. ஆகிறது. அது கிட்டத்தட்ட 2 ஸ்டட். கொதிகலனின் பெரும விட்டம் 6 அடி 5 அங்குலம். அது 98 மி.மீ. ஆகி 12 ஸ்டட்டுக்கு அருகில் வந்துவிடுகிறது.

சிக்கல் சக்கரத்தில் இருக்கிறது. இயங்கு சக்கரத்தின் விட்டம் 6 அடி 8 அங்குலம், அதாவது 2,032 மி.மீ. 1:20-ல் அது 101.6 மி.மீ.; 12.7 ஸ்டட். இந்த அளவில் ஆயத்தமான ரயில் சக்கரம் எதுவும் கிடையாது. லெகோவின் பெரிய ரயில் சக்கரமே ஏறத்தாழ 30 மி.மீ. விட்டம் கொண்டதுதான். கால் வட்ட வடிவிலான 6×6 பிளேட் (தட்டையான மெல்லிய கட்டை) நான்கைச் சேர்த்தால் 12 ஸ்டட் விட்டத்தில் துல்லியமான வட்டம் கிடைக்கிறது. அதைப் பயன்படுத்தினால் சக்கரம் ஐந்து விழுக்காட்டுக்கு மேல் சிறுத்துவிடும். 13 ஸ்டட் சக்கரத்தைச் சிறு துண்டுகளால் பலகோணமாக அமைத்துப் பார்த்தேன். சுழலும்போது விளிம்பு அலை அலையாகத் தெரிகிறது. சிறுத்த சக்கரத்தை ஏற்றுக்கொள்வதா, கரடான சக்கரத்தை ஏற்றுக்கொள்வதா? வேறு வழி உண்டா?

அரைஸ்டட்:

உங்கள் கணக்கில் பிழை ஏதும் இல்லை. ஆனால் தொடங்கிய இடம் தவறு என்று கருதுகிறேன். நீராவி எஞ்சினைப் பக்கவாட்டில் பார்ப்பவருக்கு முதலில் தெரிவது சக்கரம். பாதையின் அகலம் அன்று. உங்கள் மாதிரியில் தண்டவாளத்தின் அகலத்தைப் பார்க்க விரும்புபவர் எஞ்சினுக்கு முன்னால் குனிந்து, பஃபர் கட்டைக்கு அடியில் எட்டிப்பார்க்க வேண்டும். கண்ணுக்கு மறைவாக இருக்கும் ஓர் அளவைச் சரியாக வைத்துக்கொண்டு, கண்ணுக்கு நேராக இருக்கும் ஆறு சக்கரங்களைத் தவறாக அமைப்பது முறையன்று.

எனவே சக்கரத்திலிருந்து தொடங்குங்கள். 12 ஸ்டட் என்பது 96 மி.மீ. 2,032-ஐ 96-ஆல் வகுத்தால் 21.2 வருகிறது. 1:21 என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது சக்கரம் 96.8 மி.மீ. ஆகிறது, உங்கள் கால் வட்டப் பிளேட்டுகளுடன் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான வேறுபாடு. கிராங்க் ஆரம் 15.7 மி.மீ.; 2 ஸ்டட்டுக்கு முன்பைவிட இன்னும் நெருங்கிவிட்டது. கொதிகலன் 93 மி.மீ.; அதன் மேல் போர்த்தியிருக்கும் உறைத் தகட்டையும் சேர்த்தால் 12 ஸ்டட் மிகப் பொருத்தம்.

இயங்கு அச்சுகளுக்கு இடையிலான தூரத்தை நீங்கள் குறிப்பிடவில்லை. அது 7 அடி 3 அங்குலம், அதாவது 2,210 மி.மீ. 1:21-ல் 105 மி.மீ.; 13 ஸ்டட் என்பது 104 மி.மீ. அடுத்தடுத்த இரு சக்கரங்களின் விளிம்புகளுக்கு இடையே அசலில் 178 மி.மீ. இடைவெளி இருக்கிறது, மாதிரியில் அது 8.5 மி.மீ. ஆக வேண்டும். 12 ஸ்டட் சக்கரங்களை 13 ஸ்டட் தூரத்தில் வைத்தால் உங்களுக்குக் கிடைப்பது சரியாக ஒரு ஸ்டட், 8 மி.மீ. இந்த எஞ்சினின் தோற்றத்துக்கு உயிரே அந்த நெருக்கம்தான். 1:20-ல் 14 ஸ்டட் தூரத்தில் 12 ஸ்டட் சக்கரங்களை வைத்திருந்தால் இடைவெளி இரு மடங்காகி, பார்த்தவுடனேயே ஏதோ பொருந்தவில்லை என்று தோன்றியிருக்கும்.

பாதையின் அகலம் மட்டும் 68.3 மி.மீ., அதாவது எட்டரை ஸ்டட் என்று வரும். அதை 9 ஸ்டட்டாகவே விட்டுவிடுங்கள். கட்டைகளில் கட்டும்போது பிழை எங்காவது விழுந்தே தீரும். அது எங்கே விழ வேண்டும் என்பதை நாம் தீர்மானித்தால் போதும்.

பச்சைவண்டி:

அளவைப் பற்றி அரைஸ்டட் சொல்வதை ஏற்கிறேன். நிறம் வாங்குவதற்கு முன் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள்: நீங்கள் கட்டுவது எந்தக் காலத்து ஃபிளையிங் ஸ்காட்ஸ்மேன்?

1923-ல் டான்காஸ்டர் பணிமனையிலிருந்து நைஜல் கிரெஸ்லியின் வடிவமைப்பில் வெளிவந்த எஞ்சின் அது. 1928 மே மாதம் லண்டனிலிருந்து எடின்பரோவுக்கு எங்கும் நிற்காமல் செல்லும் வழக்கமான சேவையின் முதல் வண்டியை இழுத்ததும், 1934-ல் மணிக்கு 100 மைல் வேகத்தை எட்டியதும் 4472 என்ற எண்ணைத் தாங்கியிருந்த காலத்தில்தான். அப்போது அதன் நிறம் ஆப்பிள் பச்சை, சக்கரங்களும் பச்சை, புகைபோக்கி ஒற்றை. பிரிட்டிஷ் ரயில்வேயில் 60103 என்ற எண்ணுடன் ஓடிய காலத்தில் நிறம் கரும்பச்சையானது, சக்கரங்கள் கறுப்பாயின. பின்னர் இரட்டைப் புகைபோக்கியும் புகைபோக்கிக்கு இருபுறமும் புகைத் தடுப்புத் தகடுகளும் வந்தன. 2016-ல் பழுதுபார்ப்பு முடிந்து திரும்பியபோதும் இந்தத் தோற்றத்தில்தான் வந்தது.

ஆப்பிள் பச்சைக்கு நெருக்கமான நிறத்தில் உங்களுக்குத் தேவையான வளைவுக் கட்டைகள் அனைத்தும் கிடைப்பது அரிது. கரும்பச்சையில் வாய்ப்பு அதிகம். ஆனால் கரும்பச்சையைத் தேர்ந்தால் 60103 என்று எழுத வேண்டும், தடுப்புத் தகடுகளை வைக்க வேண்டும், சக்கரங்களைக் கறுப்பாக்க வேண்டும். கரும்பச்சை உடலில் 4472 என்ற எண்ணையும் ஒற்றைப் புகைபோக்கியையும் கண்டால், இந்த எஞ்சினை நேசிப்பவர்கள் உங்கள் மற்ற உழைப்பையெல்லாம் பார்க்காமலேயே கடந்து போய்விடுவார்கள்.

இன்னொன்று. இது மூன்று சிலிண்டர் எஞ்சின். வெளியே இரண்டு, நடுவே ஒன்று. கிராங்குகள் ஏறத்தாழ 120 பாகை இடைவெளியில் அமைந்திருப்பதால்தான் சக்கரம் ஒருமுறை சுழல்வதற்குள் ஆறு முறை புகை மூச்சு கேட்கிறது. இரு சிலிண்டர் எஞ்சினில் நான்குதான் கேட்கும். வெளியே உள்ள இரு வால்வுகளின் அசைவைக் கூட்டி நடுவிலுள்ள வால்வை இயக்கும் கிரெஸ்லியின் நெம்பு அமைப்பும் அந்த 120 பாகையை நம்பியே இயங்குகிறது. உங்கள் மாதிரியிலும் இடது கிராங்குக்கும் வலது கிராங்குக்கும் இடையே 120 பாகை இருக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

இரும்புக்குதிரை:

அரைஸ்டட் கொடுத்த எண்களை இரவு முழுவதும் வரைந்து பார்த்தேன். 1:21 என்றே முடிவு செய்துவிட்டேன். மாதிரியின் நீளம் 101 செ.மீ. வருகிறது. நிறம் கரும்பச்சை, எண் 60103. பச்சைவண்டி சொல்லியிருக்காவிட்டால் தவறான புகைபோக்கியுடன் கட்டியிருப்பேன், மிக்க நன்றி.

120 பாகைதான் என்னைக் கலங்க வைக்கிறது. லெகோவின் இயந்திரப் பாக வரிசையான டெக்னிக்கில் அச்சின் குறுக்குவெட்டு கூட்டல் குறி வடிவில் இருப்பதால், ஒரே அச்சின் இரு முனைகளில் உள்ள சக்கரங்களை 90 பாகை மாற்றி வைக்கலாமே தவிர 120 பாகை மாற்றி வைக்க முடிவதில்லை. அச்சை நடுவில் இரண்டாகப் பிரித்து, இரு பாதிகளையும் 24 பல் சக்கரங்கள் வழியாக ஒரு துணை அச்சுடன் இணைத்தால் என்ன? ஒரு பல்லுக்கு 15 பாகை. எட்டுப் பல் தள்ளி வைத்தால் சரியாக 120 பாகை கிடைத்துவிடுகிறதே?

அச்சாணி:

தம்பி, எண்ணம் நல்ல எண்ணம்தான், ஆனால் இயங்காது. ஏன் என்று சொல்கிறேன்.

நீங்கள் மோட்டார் இணைக்கும் அச்சில் மட்டும் இப்படிச் செய்தால் போதாது. இணைப்புத் தண்டு மூன்று சக்கரங்களையும் கோக்கிறது. மற்ற இரு அச்சுகளை முழு அச்சாக விட்டால் அவற்றில் 90 பாகைதான் இருக்கும். ஒரு பக்கத் தண்டு ஒன்றைச் சொல்ல, மறுபக்கத் தண்டு வேறொன்றைச் சொல்லும். அரைச் சுற்றிலேயே எல்லாம் இறுகி நின்றுவிடும். மற்ற அச்சுகளையும் இரண்டாக வெட்டி இடதும் வலதும் தனித்தனியே சுழல விட்டால், ஒவ்வொரு பக்கத்திலும் ஒரே ஒரு தண்டுதான் சக்கரத்தைத் தள்ளும். கிராங்க் முன் முனையிலோ பின் முனையிலோ நேர்கோட்டில் வந்து நிற்கும் கணத்தில், அந்தச் சக்கரத்தை எந்தத் திசையில் திருப்புவது என்று தண்டுக்குத் தெரியாது. மறுபக்கத்தின் துணை இருந்தால்தான் அந்த இடத்தைக் கடக்க முடியும். அதற்காகத்தான் உண்மையான எஞ்சினிலேயே இரு பக்கக் கிராங்குகளையும் விலக்கி வைக்கிறார்கள்.

ஆக மூன்று அச்சுகளிலும் துணை அச்சு வேண்டும். அச்சுக்கு நான்கு வீதம் பன்னிரண்டு பல் சக்கரங்கள். ஒவ்வொரு இணைப்பிலும் பற்களுக்கு இடையே சிறு தளர்ச்சி இருக்கத்தான் செய்யும். இரு இணைப்புகளும் சேர்ந்து 5 பாகை தளர்ந்தால்கூட 16 மி.மீ. ஆரமுள்ள கிராங்கின் முனையில் அது 1.4 மி.மீ. விலகலாகிவிடும். தண்டின் துளையோ ஊசியைக் கிட்டத்தட்ட இறுக்கமாகப் பிடிக்கிறது. முதல் நாள் ஓடும். இரண்டாம் நாள் திணறும். என் பழைய மாதிரி ஒன்றில் இதைவிட எளிமையான அமைப்பிலேயே இதை அனுபவித்திருக்கிறேன். 90 பாகையே வைத்துக்கொள்ளுங்கள்.

அரைஸ்டட்:

பல் சக்கரமே இல்லாமல் வேறொரு வழியை யோசித்தேன். கிராங்க் ஊசியைச் சக்கரத்தின் எந்த ஸ்டட்டில் பொருத்துகிறோம் என்பது நம் கையில்தான் இருக்கிறது. இடது சக்கரத்தில் மையத்துக்கு நேர் மேலே இரண்டரை ஸ்டட் தூரத்தில் ஊசியை வையுங்கள். வலது சக்கரத்தில் மையத்திலிருந்து பக்கவாட்டில் 2 ஸ்டட், கீழே ஒன்றரை ஸ்டட் என்று வையுங்கள். மூன்று, நான்கு, ஐந்து என்ற செங்கோண முக்கோணத்தின் பாதி அது. ஆகவே அதன் ஆரமும் சரியாக இரண்டரை ஸ்டட்தான். இரண்டுக்கும் இடையே கிடைக்கும் கோணம் 126.9 பாகை. முழு அச்சு, தளர்ச்சியே இல்லை, 120-க்கு ஏழு பாகைதான் வேறுபாடு.

குறையையும் நானே சொல்லிவிடுகிறேன். கிராங்க் ஆரம் 16 மி.மீ. இருக்க வேண்டிய இடத்தில் 20 மி.மீ. ஆகிவிடுகிறது. பிஸ்டனின் ஓட்டம் கால் பங்கு நீண்டுவிடும். தண்டுகள் அசலைவிட மிகையாக வீசி வீசி நடக்கும். 2 ஸ்டட் ஆரத்தில் இதேபோல் பொருந்தும் புள்ளி ஏதும் உண்டா என்று அரை ஸ்டட் இடைவெளி வரை தேடிப் பார்த்தேன்; இல்லை.

பச்சைவண்டி:

அந்த முக்கோணத்தைத் தாளில் வரைந்து பார்த்து உண்மையிலேயே மகிழ்ந்தேன். ஆயினும் என் வேண்டுகோளைத் திரும்பப் பெறுகிறேன். ஒரே நேரத்தில் எஞ்சினின் இருபுறத்தையும் காணக்கூடியவர் யாரும் இல்லை. தண்டின் மிகையான வீச்சையோ ஒரு பக்கத்தில் நிற்பவரே காண்பார். அரைஸ்டட் முன்பு பாதை அகலத்துக்குச் சொன்ன அதே நியாயம் இங்கேயும் செல்லும். 90 பாகையும் 2 ஸ்டட் ஆரமுமே இருக்கட்டும்.

இரும்புக்குதிரை:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். நல்ல செய்தியும் உண்டு, கெட்ட செய்தியும் உண்டு.

சக்கரங்கள் முடிந்துவிட்டன. கால் வட்டப் பிளேட்டுகள் துளையில்லாத தட்டாக அமைவதால், ஆரக்கால்களை அதன் மேல் தனி அடுக்காக வைத்தேன். முதலில் தட்டும் கறுப்பு, ஆரக்கால்களும் கறுப்பு. இரண்டடி தள்ளி நின்றால் வெறும் கறுப்புத் தட்டு மட்டுமே தெரிந்தது. பின்தட்டை அடர் சாம்பல் நிறத்துக்கு மாற்றினேன். உடனே ஆரக்கால்களுக்கு இடையே காற்று புகுந்து போவது போன்ற தோற்றம் வந்துவிட்டது. அன்று மாலை முழுவதும் அந்த ஒரு சக்கரத்தைக் கையில் வைத்துச் சுழற்றிக்கொண்டே இருந்தேன்.

கெட்ட செய்தி அடிச்சட்டம். அதைச் சாதாரணக் கட்டைகளையும் பிளேட்டுகளையும் மாற்றி மாற்றி அடுக்கிக் கட்டியிருந்தேன். கொதிகலனின் முதல் பாதியை ஏற்றிய அன்று ஆறு சக்கரங்களும் விரலால் தள்ளியவுடன் சுழன்றன. பத்து நாள் கழித்துத் தள்ளினால் நடுச்சக்கரம் அசையவில்லை. ஓர் அளவுகோலைச் சட்டத்தின் அடியில் ஒட்டிப் பிடித்துப் பார்த்தபோது நடுவில் 4 மி.மீ. தொய்ந்திருந்தது. நடு அச்சு கீழே இறங்கியதால் தண்டின் மூன்று துளைகளும் ஒரே கோட்டில் இல்லாமல் போய்விட்டன. கட்டைகளைப் பிரித்தபோது அடுக்குகளுக்கிடையே நகம் நுழையும் அளவுக்கு வாய் திறந்திருந்தது.

அச்சாணி:

இது நேரும் என்று முன்பே எச்சரித்திருக்க வேண்டும், விட்டுவிட்டேன். 1:38-லிருந்து 1:21-க்கு வரும்போது நீளம் இரு மடங்குக்குச் சற்றுக் குறைவாகத்தான் கூடுகிறது; எடையோ ஏறத்தாழ ஆறு மடங்காகிறது. ஸ்டட்டின் பிடிப்பு மட்டும் அப்படியேதான் இருக்கிறது. அடுக்குகள் மேலும் கீழுமாகப் பிரியாமல் இருக்க அவற்றைக் குறுக்கே பூட்ட வேண்டும்.

அதற்கு லெகோவின் அளவுகளிலேயே வழி இருக்கிறது. துளையுள்ள டெக்னிக் கட்டை ஒன்று, அதன் மேல் இரண்டு பிளேட், அதன் மேல் மீண்டும் டெக்னிக் கட்டை. கட்டையின் உயரம் 9.6 மி.மீ., பிளேட் 3.2 மி.மீ. ஆகவே கீழ்த் துளையின் மையத்திலிருந்து மேல் துளையின் மையம் வரை 16 மி.மீ.; சரியாக இரண்டு ஸ்டட். அவற்றின் பக்கவாட்டில் ஒரு டெக்னிக் பீமை (துளைகளுள்ள நீண்ட பாகம்) செங்குத்தாக வைத்து ஊசியால் பூட்டிவிட்டால் அடுக்குகள் பிரிய வழியே இல்லை. பத்து ஸ்டட்டுக்கு ஒரு பூட்டு வீதம் இருபுறமும் போடுங்கள்.

அத்துடன், காட்சிக்கு நிற்கும் மாதிரியின் எடையை அச்சுகள் சுமக்க வேண்டிய தேவையே இல்லை. நெருப்பறைக்குக் கீழே சாம்பல் விழும் தட்டுக்கு அடியிலும் சிலிண்டர்களுக்குப் பின்னாலும் அடித்தளத்திலிருந்து இரண்டு தூண்களை எழுப்பிச் சட்டத்தைத் தாங்குங்கள். சக்கரங்கள் தண்டவாளத்துக்கு மேலே ஒரு மெல்லிய தாள் நுழையும் உயரத்தில் நிற்கட்டும், சுழற்றவும் எளிது.

மோட்டாருக்கு லெகோவின் எக்ஸ்எல் வகையே போதும். 9 வோல்ட்டில் சுமையில்லாமல் நிமிடத்துக்கு ஏறத்தாழ 220 சுற்று சுழலும். 12 பல்லிலிருந்து 36 பல்லுக்குக் கொடுத்தால் மூன்றில் ஒரு பங்காகி எழுபது சுற்றுக்கு அருகில் வரும். அசல் சக்கரத்தின் சுற்றளவு 6.4 மீட்டர் என்பதால் அது மணிக்கு 27 கி.மீ. வேகத்துக்குச் சமம், நிலையத்தை விட்டு வண்டி புறப்படும் வேகம். தண்டுகளின் அசைவைக் கண்ணால் தொடர அதற்கு மேல் வேகம் வேண்டாம்.

அரைஸ்டட்:

கொதிகலனை எப்படிக் கட்டுகிறீர்கள் என்று சொல்லவில்லையே? நடுவில் 4 ஸ்டட் சதுரக் கரு ஒன்றை வையுங்கள். மூன்று கட்டையும் ஒரு பிளேட்டும் சேர்ந்தால் உயரம் 32 மி.மீ.; அதாவது 4 ஸ்டட். அதனால் கரு நான்கு பக்கமும் துல்லியமான சதுரமாக இருக்கும், நான்கு பக்கத்திலும் ஒரே வளைவுப் பலகத்தைப் பொருத்திக்கொள்ளலாம். பலகத்தின் தடிப்பைக் கணக்கிடும்போது ஐந்து பிளேட் என்பது இரண்டு ஸ்டட் என்பதை மறவாதீர்கள்.

அசலில் கொதிகலன் முன்புறம் ஒடுங்கிச் செல்கிறது. மாதிரியில் அந்த வேறுபாடு ஒரு ஸ்டட்டுக்குச் சற்று மேல் வரும். படிப்படியாகக் குறைத்தால் படிக்கட்டு போலத் தெரியும். பக்கப் பலகங்களைப் பின்முனையில் கீல் வைத்துப் பிடித்து, முன்முனையில் அரை ஸ்டட் உள்ளே இறக்கிவிடுங்கள். பலகங்களுக்கு இடையே தோன்றும் இணைப்புக் கோடுகளை, அசல் எஞ்சினில் கொதிகலனைச் சுற்றியுள்ள பட்டைகள் எங்கே இருக்கின்றனவோ அங்கேயே விழும்படி அமையுங்கள்.

இரும்புக்குதிரை:

சட்டத்தை முழுவதும் பிரித்து அச்சாணி ஐயா சொன்னபடியே மீண்டும் கட்டினேன். பக்கத்துக்கு ஒன்பது பூட்டுகள், அடியில் இரண்டு தூண்கள். கொதிகலனும் முழுமையாக ஏறிவிட்டது. பதினெட்டு நாள் கழித்து இன்று அதே அளவுகோலை அடியில் பிடித்துப் பார்த்தேன், வெளிச்சம்கூடப் புகவில்லை.

மோட்டாரை இயக்கியபோது முதல் சுற்றில் வலப்பக்கத்தில் ஒரு சிறு தட்டல் ஒலி கேட்டது. இணைப்புத் தண்டின் ஊசி ஒன்று முழுவதும் உள்ளே போகாமல் இருந்தது. அழுத்தியவுடன் ஒலி நின்றுவிட்டது. அதன் பிறகு அரைமணி நேரம் நிற்காமல் ஓடியது. இடப்பக்கம் தண்டு உச்சியில் இருக்கும்போது வலப்பக்கம் எங்கே இருக்கிறது என்று பார்க்க முயன்றேன். எஞ்சினைச் சுற்றி மறுபுறம் வருவதற்குள் அது இடம் மாறிவிட்டிருந்தது.

இனி எட்டுச் சக்கர டெண்டரும் புகைத் தடுப்புத் தகடுகளும் மீதம். தகடுகளுக்கு ஒரு பிளேட் தடிப்பே அதிகமாகத் தெரிகிறது, 3.2 மி.மீ. என்பது அசலில் 67 மி.மீ. தடித்த இரும்பாகிவிடும். அதைவிட மெல்லியதாக, கரும்பச்சையில் அமைந்த பலகை வகை ஏதேனும் உங்களில் யாராவது பயன்படுத்தியிருந்தால் சொல்லுங்கள்.